லத்தீன் பேசிய பினாங்கு

'பழைய மொழிகளும் புதிய சொற்களும்' என்ற பொருளில் தொலைக்காட்சி அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரை



பினாங்கில் பேசப்பட்ட மொழிகள் எவை என்று கேட்டால் மலாய், தமிழ், ஹொக்கியன், ஆங்கிலம் என்று சிறு பிள்ளையும் விரல் விட்டு எண்ணிவிடும். அந்தக் கணக்கில் லத்தீனைச் சேர்ப்பவர் யாருமில்லை. ஆனால் சேர்க்கத்தான் வேண்டும். ஜார்ஜ்டவுனை ஒட்டிய புலாவ் திக்குஸ் வட்டாரத்தில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் லத்தீன் வாழ்ந்தது. வழிபாட்டு மொழியாக மட்டும் அல்ல. வகுப்பில் பாடம் நடத்தவும், பல நாட்டு மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் அதுவே பொதுமொழியாக இருந்தது.

ரோமாபுரியில் பிறந்த மொழி பினாங்குக் கடற்கரைக்கு எப்படி வந்தது? புதிய காலத்தின் பொருள்களையும் எண்ணங்களையும் சொல்ல அது என்ன வழி கண்டது? கடைசியில் ஏன் ஓய்ந்தது? இவற்றுக்கான விடைகள், தமிழில் புதுச்சொல் ஆக்குவது பற்றி நாளும் வாதிடும் நமக்கு மிகவும் வேண்டியவை.

வீராம்பட்டினம் வழியாக

கத்தோலிக்கக் குருமாணவர்களுக்கான 'காலேஜ் ஜெனரல்' என்னும் கல்லூரியை பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்பு சபையினர் 1665இல் சயாமின் தலைநகரான அயுத்தயாவில் தொடங்கினர். ஆசிய நாடுகளின் பிள்ளைகளையே குருக்களாகப் பயிற்றுவது அதன் நோக்கம். 1760களில் பர்மியப் படைகள் சயாமுக்குள் புகுந்தன. 1767இல் அயுத்தயா அழிந்தது. கல்லூரி இடம் பெயர்ந்தது. சில காலம் கம்போடியக் கடலோரத்தில் ஒதுங்கியது. அங்கும் நிலைக்கவில்லை.

அடுத்து அது வந்து சேர்ந்த இடம்தான் தமிழருக்கு வியப்பளிப்பது. புதுச்சேரிக்குத் தெற்கே, செங்கழுநீர் அம்மன் தேருக்குப் பெயர்பெற்ற வீராம்பட்டினம்! 1770 முதல் 1782 வரை அந்தத் தமிழ் மீனவக் கிராமத்தில் வியட்நாமிய, சீன, சயாமிய இளைஞர்கள் லத்தீன் இலக்கணம் படித்தார்கள்.

பிறகு கல்லூரி மூடப்பட்டது. மக்காவில் இருந்த லெத்தோந்தால் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் முயற்சியால் 1808இல் பினாங்கில் மீண்டும் உயிர் பெற்றது. ஆங்கிலேயர் ஆட்சி, மதப் பகை இல்லாத துறைமுகம், நாலா திசைக்கும் கப்பல். இதைவிடத் தோதான இடம் வேறு எது?

சீனர், வியட்நாமியர், சயாமியர், பர்மியர், கொரியர் என்று மாணவர்கள் வந்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆசிரியர்களோ பிரெஞ்சுக்காரர்கள். பிரெஞ்சைக் கற்பித்திருக்கலாம்; கற்பிக்கவில்லை. யாருக்கும் தாய்மொழியாக இல்லாத லத்தீனே எல்லோருக்கும் பொதுவாக நின்றது. அதில் ஒரு நியாயமும் இருந்தது. ஆசிரியரும் மாணவரும் சரிசமமாகக் கற்றுக்கொள்ள வேண்டிய மொழி அது.

ஏணியாக நின்ற மொழி

அந்த லத்தீனால் ஆசியாவுக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு சங்கிலியைப் பார்ப்போம்.

வீராம்பட்டினத்தில் கல்லூரியை நடத்தியவர் பினியோ தெ பெயேன். 1770களின் தொடக்கத்தில், புதுச்சேரிப் பகுதியில் இருந்தபோது, வியட்நாமிய உதவியாளர்களைத் துணைகொண்டு வியட்நாமிய - லத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்தார். அது கையெழுத்துப் படியாகவே இருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், வியட்நாமில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது ஆயர் தபேர் அங்கிருந்து வெளியேறிப் பினாங்கு வந்து, கல்கத்தா சென்றார். பினியோவின் தொகுப்பை விரித்து, 1838இல் வங்காளத்துச் செராம்பூர் அச்சகத்தில் அகராதியாக வெளியிட்டார். அப்பணியில் அவருக்கு உதவியவர் பினாங்குக் கல்லூரியின் மாணவர் பிலிப் மின். பின்னாளில் நாடு திரும்பிய அவர் 1853இல் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார்; 1988இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இன்னொருவர் துருவோங் வின் கீ. 1850களில் பினாங்கில் படித்த வியட்நாமிய இளைஞர். பல மொழிகளில் தேர்ந்தவர். லத்தீன் எழுத்தில் வியட்நாமியத்தை அச்சிட்ட முதல் செய்தித்தாளான 'கியா டின் பாவ்' 1865இல் தொடங்கியது. 1869இல் அதன் ஆசிரியப் பொறுப்பை இவர் ஏற்றார். சீன எழுத்தில் உயர்ந்தோர் மட்டும் படித்துவந்த நாட்டில், சாதாரண மக்கள் படிக்கும் உரைநடையை வளர்த்தவர்களுள் முதல்வரிசையில் வைக்கப்படுபவர். பினாங்கில் கற்ற லத்தீனை அவர் கோயில் மணிபோலக் கட்டித் தொங்கவிடவில்லை. அதை ஏணியாக்கித் தம் தாய்மொழியை ஏற்றிவிட்டார்.

மூன்று வழிகள்

பழைய மொழி ஒன்று புதிய பொருளை எப்படிப் பெயரிட்டு அழைக்கும்? லத்தீன் மூன்று வழிகளைக் கையாண்டது.

முதல் வழி, வந்த சொல்லுக்கு உள்ளூர் உடை உடுத்துவது. தண்ணீர்மலை அடிவாரத்தில் 1884இல் அமைந்த தாவரவியல் பூங்காவுக்குப் போகிறவர்கள் மரங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துப் பார்க்கலாம். டுரியானின் லத்தீன் பெயர் 'டூரியோ'. 'டுரி' என்றால் மலாயில் முள். அந்த மலாய்ச் சொல்லுக்கு லத்தீன் வால் ஒட்டியதுதான் 'டூரியோ'. அதோடு சேரும் 'சிபெத்தினுஸ்' என்ற அடைமொழி புனுகுப்பூனையைக் குறிப்பது. வாசம் பற்றி விளக்கம் வேண்டியதில்லை. மங்குஸ்தீன் 'மங்கொஸ்தானா' ஆயிற்று. மாமரம் 'மங்கிஃபெரா'. 'மாங்கா தருவது' என்று பொருள். அதன் முன்பாதி தமிழ், மலையாளத்து 'மாங்காய்', 'மாங்ங' வழியே போர்த்துகீசியருக்குப் போய், அங்கிருந்து லத்தீனுக்குப் போன சொல். நம் வீட்டுக் கொல்லைச் சொல் லத்தீன் சட்டை போட்டுக்கொண்டு பலகையில் நிற்கிறது.

இரண்டாவது வழி, சொந்த வேரிலிருந்து புதுத்தளிர். இதைத் துணிந்து செய்தவர் சிசரோ. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத் தத்துவத்தை லத்தீனில் சொல்ல முனைந்தபோது, 'எத்தன்மையது' என்ற கேள்விச் சொல்லிலிருந்து 'குவாலித்தாஸ்' என்ற சொல்லை ஆக்கினார். வழக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'மொராலிஸ்' என்பதை ஆக்கினார். முன்னதுதான் இன்று மலாயில் 'குவாலிட்டி'. பின்னது பள்ளிப் பாட அட்டவணையில் 'மோரல்' கல்வியாக நிற்கிறது. அதே பாடத்தைத் தமிழ்ப்பள்ளி 'நன்னெறிக் கல்வி' என்கிறது. சிசரோ கிரேக்கச் சொல்லை அப்படியே கடன் வாங்காமல் தம் மொழியின் வேரைத் தேடியது போலவே நம் ஆசிரியர்களும் செய்திருக்கிறார்கள் என்று அறியும்போது பெருமையாக இல்லையா?

மூன்றாவது வழி, பெயரிடாமல் வருணிப்பது. வத்திக்கானின் லத்தீன் அறக்கட்டளை 1976இல் ஆறாம் பால் திருத்தந்தையால் நிறுவப்பட்டது. அது 1992இலும் 1997இலும் இரண்டு தொகுதிகளாக நவீன லத்தீன் அகராதியை வெளியிட்டது. அதில் வோட்காவுக்கு 'வலிதா போத்தியோ ஸ்லாவிகா', அதாவது 'ஸ்லாவியரின் காட்டமான பானம்'. பீட்சா 'அமுக்கிய பணியாரம்'. பாப்கார்ன் 'வறுத்த மக்காச்சோள மணிகள்'. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கும் ஒரு பெயர் உண்டு. படிக்கச் சுவையாக இருக்கிறது. இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் கடையில் நின்று 'அமுக்கிய பணியாரம் ஒன்று கொடுங்கள்' என்று கேட்க ஆள் எங்கே?

காருக்கு நவீன லத்தீனில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. தானாக நகர்வது என்ற பொருளில் ஒன்று, பழைய ரோமானிய வண்டியின் பெயரோடு சேர்த்து ஒன்று என்று இருக்கின்றன. எது நிலைக்கும் என்று தீர்மானிக்க வேண்டியவர் அகராதிக்காரர் அல்லர். நாள்தோறும் காரில் ஏறி இறங்குகிறவர். லத்தீனில் அந்த நடுவர் இல்லை. அதனால் வழக்கு முடியவில்லை.

ஆணையிட்டும் நிற்காதது

லத்தீன் எப்போது தளர்ந்தது என்பதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 1962 பிப்ரவரி 22ஆம் நாள் இருபத்து மூன்றாம் அருளப்பர் திருத்தந்தை ஓர் ஆவணத்தில் கையொப்பமிட்டார். குருமடங்களில் முக்கியப் பாடங்களை லத்தீனிலேயே நடத்த வேண்டும் என்று அது கட்டளையிட்டது. காலத்துக்கேற்ற புதுச்சொற்களை லத்தீனுக்கு ஆக்கித் தர ஒரு நிறுவனம் வேண்டும் என்றும் சொன்னது. உலகில் அதைவிடப் பெரிய அதிகாரத்தோடு ஒரு மொழிக்கு ஆதரவு கிடைப்பது அரிது.

அடுத்த ஆண்டே, 1963 டிசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிகளுக்குக் கதவைத் திறந்தது. சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் ஆலயங்களில் லத்தீன் ஒலி அடங்கியது. பினாங்குக் கல்லூரியிலும் ஆங்கிலம் அதன் இடத்தைப் பிடித்தது. 1984இல் கல்லூரி புலாவ் திக்குஸை விட்டுத் தஞ்சோங் பூங்காவுக்கு மாறியபோது லத்தீன் பொதுமொழியாக உடன் போகவில்லை. மலேசியாவின் முதல் கர்தினாலான அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ் பினாங்கில் பயின்று 1966இல் குருவானவர். அந்தத் தலைமுறையினர்தாம் பழைய முறை மாறுவதைக் கண்முன்னே கண்டவர்கள்.

ஆணை ஏன் தோற்றது? லத்தீனில் சொல் இல்லாமல் போனதால் அல்ல. சொற்கள் அதற்குப் பிறகுதான் மூட்டை மூட்டையாக வந்தன! லத்தீனைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை போய்விட்டதால்தான் தோற்றது. ஆங்கிலம் தெரிந்த மாணவர்கள் வந்தபின் பொதுமொழிக்கான தேவை வேறிடத்தில் நிறைவேறியது. பேசுவோர் கலைந்த பிறகு அகராதி வந்தது. விருந்தினர் எழுந்து போனபின் இலை போட்டது போல.

பின்லாந்து வானொலி 1989 முதல் 2019 வரை வாரந்தோறும் லத்தீனில் செய்தி வாசித்தது. வத்திக்கானில் லத்தீனில் பேசும் பணம் எடுக்கும் இயந்திரம்கூட வைக்கப்பட்டது. 2012இல் பதினாறாம் பெனடிக்ட் லத்தீனுக்கெனப் புதிய கழகம் ஒன்றை நிறுவினார். அதற்கு மூன்று மாதம் கழித்து, 2013 பிப்ரவரி 11ஆம் நாள், தாம் பதவி விலகுவதை அதே லத்தீனில் அறிவித்தார். நூற்றாண்டுக்கணக்கில் நடக்காத செய்தி! அதை லத்தீனிலேயே கேட்டுப் புரிந்துகொண்டு உலகுக்கு முதலில் தெரிவித்தவர் இத்தாலியச் செய்தி நிறுவனத்தின் நிருபர் ஜோவன்னா கிர்ரி. மொழி தெரிந்த ஒருவர் இருந்ததால் செய்தி கிடைத்தது. அதே நேரத்தில், அப்படி ஒருவர் இருந்ததே உலகம் வியந்து பேசும் செய்தியாகவும் ஆயிற்று. ஒரு மொழியின் நிலைமையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

செடிகொடி அறிஞர்களிடம் நடந்ததும் இதுதான். புதிய தாவரம் ஒன்றைக் கண்டால் அதன் விளக்கத்தை லத்தீனில் எழுத வேண்டும் என்ற விதி 2011 முடியும் வரை இருந்தது. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்றானது. பெயர்கள் மட்டும் லத்தீனில் தொடர்கின்றன. 'டூரியோ' பலகையில் நிற்கும். அதைப் பற்றிய பேச்சு வேறு மொழியில் நடக்கும்.

அதே கோயிலில், அதே ஆண்டுகளில்

இதற்கு நேர் எதிரான காட்சியும் அதே ஆலயங்களில் நடந்தது. கொல்லத்தில் 1578இல் அச்சான 'தம்பிரான் வணக்கம்' காலத்தில் பல கிறிஸ்தவக் கருத்துகள் போர்த்துகீசியச் சொற்களாகவே தமிழ் எழுத்தில் வந்தன. பின்பு ராபர்ட் தெ நொபிலியும், லத்தீனில் தமிழ் இலக்கணம் எழுதிய வீரமாமுனிவரும் தமிழுக்குப் பழகிய சொற்களைத் தேடிக் கையாண்டனர். 1960களுக்குப் பின் வழிபாடு முழுவதும் தமிழுக்கு வந்தபோது இன்னொரு சுற்று நடந்தது. பூசை 'திருப்பலி' ஆனது. ஞானஸ்நானம் 'திருமுழுக்கு' ஆனது. சுவிசேஷம் 'நற்செய்தி' ஆனது.

தொடக்கத்தில் வாய்க்கு வராத சொற்கள்தாம். ஆனால் ஞாயிறுதோறும் நூறு பேர் சேர்ந்து உரக்கச் சொன்னார்கள். குழந்தைக்கு முழுக்குக் கொடுக்கும்போது சொன்னார்கள். அழைப்பிதழில் அச்சிட்டார்கள். ஒரு தலைமுறைக்குள் அவை புதுச்சொற்கள் என்பதே மறந்துபோயிற்று. திருத்தந்தையின் ஆணை லத்தீனுக்குச் செய்ய முடியாததை, ஞாயிறு வாசகம் தமிழுக்குச் செய்து காட்டியது.

தமிழ்ப்பள்ளியின் கணக்கு

லத்தீன் கல்லூரி 1808இல் வந்தது என்றோம். அதற்கு எட்டு ஆண்டு கழித்து, 1816இல், அதே தீவில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது. மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்ளப்படும் ஆண்டு அது. 2016இல் இருநூறு ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். ஒரே தீவில் அடுத்தடுத்துத் தொடங்கிய இரு மொழி வகுப்புகளில் ஒன்று ஓய்ந்தது. மற்றொன்று பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் தொடர்கிறது. தொடர்வது தற்செயல் அல்ல.

தமிழுக்குச் சொல்வளம் தந்தவர்கள் புலவர்கள் மட்டும் அல்லர். ரப்பர் மரத்தை எந்தக் குழுவையும் கேட்காமல் 'பால்மரம்' என்று அழைத்தார்கள் தோட்டத்து மக்கள். விடியற்காலையில் அதில் பால் வெட்டியவர்கள் அவர்கள். எண்ணெய்ப் பனை இந்நாட்டுத் தமிழில் 'செம்பனை' ஆயிற்று. அருவி விழும் மலை 'தண்ணீர்மலை' ஆயிற்று. இவை ஒவ்வொன்றும் ஒரே சொல், நாவில் உருளும் சொல், வேலைக்கு உதவும் சொல். 'ஸ்லாவியரின் காட்டமான பானம்' அல்ல.

கணினிக் காலத்திலும் இது நடந்தது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி ஆக்கியதாகப் போற்றப்படும் 'இணையம்' இன்று உலகத் தமிழர் அனைவருக்கும் உரியது. லத்தீன்காரர்கள் வலையைக் குறிக்கும் சொல்லை வைத்து 'இந்தெர்ரேத்தே' என்று ஆக்கினார்கள். அதுவும் நல்ல சொல்தான். ஆனால் இணையத்தைத் தினமும் திறக்கும் கோடிக்கணக்கான விரல்கள் தமிழுக்கு உண்டு. கோலாலம்பூரின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' போன்ற மென்பொருள்கள் அந்த விரல்களுக்குத் தமிழ் எழுத்தைத் தந்தன. 'கணினி', 'கணிப்பொறி', 'கணனி' என்ற வழக்கைத் தீர்த்து வருவதும் அந்த விரல்களே.

ஆகையால் நமக்கு உண்மையான ஆபத்து சொல் பஞ்சம் அல்ல. பயன்படுத்தும் இடம் சுருங்குவதுதான். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளும் அதில் அடங்கின. 2009 ஜூலையில் அக்கொள்கையைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. படிப்படியாகப் பாடங்கள் தமிழுக்குத் திரும்பின. இடைப்பட்ட ஆண்டுகளில் 'ஒளிச்சேர்க்கை', 'பின்னம்' போன்ற சொற்கள் அகராதியில் அப்படியே இருந்தன. பிள்ளைகளின் வாயில்தான் இல்லை. 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது தமிழ்ப்பள்ளிகளுக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று சமூகம் சூடாக வாதிட்டதற்குக் காரணம் இந்த அனுபவமே.

ஆங்கிலம் வேண்டும் என்று கேட்கும் பெற்றோரின் கவலை பொய்யல்ல. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஆறாம் ஆண்டோடு தமிழ்வழி அறிவியலை முடித்துக்கொண்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய் வழியாகவோ ஆங்கிலம் வழியாகவோ தொடர வேண்டியிருக்கிறது. 'ஒளிச்சேர்க்கை' அங்கே 'ஃபோட்டோசிந்தெசிஸ்' ஆகிறது. பன்னிரண்டு வயதில் கைவிடப் போகும் சொல்லை எதற்குக் கற்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

துருவோங் வின் கீயின் வாழ்க்கை அதற்குப் பதில் சொல்கிறது. அவர் அயல்மொழிகளை ஒதுக்கவில்லை, ஆசையோடு கற்றார். கற்றதையெல்லாம் தாய்மொழிக்குள் கொண்டுவந்து கொட்டினார். இரண்டு மொழியில் ஒரு கருத்தை அறிந்த பிள்ளைதான் நாளை புதுச்சொல் ஆக்கும். ஒளியும் சேர்க்கையும் சேர்ந்தது என்று தமிழில் புரிந்த பிள்ளைக்கு, அயல்மொழிச் சொல்லும் அதையே சொல்கிறது என்பது எளிதில் விளங்கும். தமிழ்ச் சொல் அங்கே சுமை அல்ல, திறவுகோல்.

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். வீட்டில் செய்ய வேண்டியதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை. இடைநிலைப்பள்ளி மாணவர்கள் அன்று படித்த ஒரு கருத்தை இரவுச் சாப்பாட்டின்போது பாட்டிக்குத் தமிழில் விளக்கட்டும். கோயில் மண்டபத்தில் நடக்கும் மருத்துவ முகாமில் 'இரத்த அழுத்தம்', 'சிறுநீரகம்' என்று மருத்துவர் தமிழில் சொல்லட்டும். பொதுக்கூட்ட அறிக்கையும் சங்கத்தின் கணக்கும் தமிழில் வாசிக்கப்படட்டும். தவறான சொல்லைச் சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்போம். வாயில் விழுந்த சொல் திருந்தும். வாய்க்கே வராத சொல் திருந்த வழியில்லை.

பினாங்கில் லத்தீனுக்கு நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள், அச்சான நூல்கள் இருந்தன, ரோமாபுரியின் ஆணையும் இருந்தது. தாயிடம் கேட்டு வளர்ந்த பிள்ளை மட்டும் இல்லை. தமிழுக்கு அந்தப் பிள்ளை இருக்கிறது. நாளைக் காலை புத்தகப் பையோடு பள்ளி வாசலில் நிற்கப் போகிறது. மாலையில் வீடு திரும்பியதும், இன்று என்ன படித்தாய் என்று அதனிடம் தமிழில் கேளுங்கள். அதன் பதிலையும் தமிழிலேயே பொறுமையாகக் கேளுங்கள்.